மாமனார் வீட்டுக் கார்

கார் என்று ஒன்று இருந்தால் ஏறி எங்கேயாவது போகலாம் என்றுதான் எல்லாரும் வாங்குகிறார்கள். எனக்கு வாய்த்த கார் மட்டும் என்னை வீட்டிலேயே உட்கார வைப்பதற்காக வந்தது. இதை எங்கள் வீட்டில் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "உனக்கு இங்க என்ன கொறை?" என்று கேட்பார்கள். குறை ஒன்றும் இல்லைதான். குறை இருந்திருந்தால் சண்டை போட்டாவது கிளம்பியிருப்பேன். கை நீட்டிக் குற்றம் சொல்ல அந்த வீட்டில் ஒரு கெட்டவர்கூடக் கிடையாது, அதுதான் என் கஷ்டமே.

நான் குண்டடம் பக்கம் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண். கோயமுத்தூரில் மெக்கானிக்கல் படித்தேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே விடுதியில் தங்கி, கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மற்றப் பெண்கள் சினிமாவுக்குப் போவார்கள். நான் பழைய கார்களைப் புதுப்பிக்கிற ஒரு பட்டறைக்குப் போய் நிற்பேன். அந்தப் பட்டறைக்காரர் முதலில் என்னை விரட்டப் பார்த்தார், பிறகு போனால் போகிறது என்று ஒரு கார்புரேட்டரைக் கொடுத்துக் கழுவச் சொன்னார். அதைக் கழுவி, பிரித்து, மறுபடி பூட்டிக் கொடுத்ததிலிருந்து எனக்கு அங்கே ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்.

எனக்குப் பிடித்தது காரின் வெளிப்பக்கம் இல்லை. பானெட்டைத் தூக்கினால் எஞ்சின் உட்கார்ந்திருக்கிற குழி இருக்கிறதே, பட்டறையில் அதை எஞ்சின் பே என்பார்கள், அதுதான் பிடிக்கும். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் கம்பெனி பெயர், அவ்வளவுதான். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் அப்படி இல்லை. இரண்டு கார்புரேட்டரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி நிற்கும். பிரேக் சிலிண்டர் எங்கே, ஹீட்டர் பெட்டி எங்கே, எந்த வயர் எதற்குப் போகிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். ஒளித்து வைக்கத் தெரியாத அந்த வண்டிகளின் மேல் எனக்கு ஒரு பைத்தியம்.

பெண் பார்க்க வந்தபோது என் மாமனார்தான் முதலில் சொன்னார். "பொண்ணு வேலைக்குப் போறதுன்னா போகட்டுங்க, எங்களுக்கு ஒன்னும் ஆட்சேபணை இல்லீங்க." எங்கள் அப்பா அந்த ஒரு வார்த்தையிலேயே விழுந்துவிட்டார். நானும்தான்.

கல்யாணம் முடிந்து திருப்பூர் வந்த பிறகு அந்த வார்த்தைக்குப் பின்னால் "கொஞ்ச நாள் போகட்டும்" என்று இன்னொரு வார்த்தை சேர்ந்துகொண்டது. முதலில் ஆடி மாசம் போகட்டும் என்றார்கள். பிறகு நாத்தனார் கல்யாணம், பிறகு ஆர்டர் சீசன், பிறகு அத்தைக்கு முழங்கால் வலி. கொஞ்ச நாள் என்பது லைக்ரா கலந்த துணி மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் கிழியாமல் நீண்டுகொண்டே போனது. என் வீட்டுக்காரரிடம் கேட்டால், "அப்பாகிட்ட நேரம் பார்த்துப் பேசறேன்" என்பார். அவர் நல்ல மனுஷன். நல்ல நேரம்தான் அவருக்குக் கடைசிவரை அகப்படவில்லை.

வேலம்பாளையத்தில் எங்கள் வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டு. முன்னால் பனியன் கம்பெனி, பின்னால் வீடு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கேட். காலையில் எங்கள் கம்பெனி வேன்கள் அந்த கேட் வழியாகத்தான் வெளியே போய் ஊர் ஊராகச் சுற்றிப் பெண்களை வேலைக்கு ஏற்றி வரும். ஒரு வேன் குண்டடம் வரை போகும். எங்கள் ஊர்ப் பெண்கள், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்கூட, அதில் வந்து இறங்குவார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பெண்களை வேலைக்கு வரவழைக்கிற வீட்டில், வீட்டுப் பெண் வேலைக்குப் போவதற்கு மட்டும் நேரம் பார்க்க வேண்டியிருந்தது. மாடி ஜன்னலில் நின்று அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனாரிடம், வேலைக்குப் போகட்டுமா என்று நானே நேராகக் கேட்டேன். மாமா பிசைந்த சோற்றை ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, "ஏங்கண்ணு, கார் வேலை பாக்கறதுக்கோசரம் கோயமுத்தூரு வரைக்கும் போகோணுமா? நம்ம குடோன்லயே ஒன்னு நிக்குதல்ல?" என்றார்.

நின்றது உண்மைதான். எப்போதோ கம்பெனிக்கு நல்ல காலம் நடந்தபோது, மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்த பிரிட்டிஷ் கார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை துணி. கொண்டுவந்த புதிதில் ஊரையே கூட்டிவைத்துக் காட்டியிருக்கிறார். அப்புறம் அது நின்றுவிட்டது. வேஸ்ட் குடோனின் கடைசியில் தார்ப்பாய் போட்டு மூடி, அதன்மேல் பனியன் வேஸ்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வந்த அன்றே நான் அதை மோப்பம் பிடித்திருந்தேன். கேட்டால் தொடாதே என்பார்களோ என்று கேட்காமல் இருந்தேன்.

"வெளியில டிங்கரிங் எல்லாம் ஆளு வெச்சுப் பாத்துக்கலாம். எஞ்சின் பக்கமெல்லாம் நீயே பாரு. முடிச்சுட்டு நீ கோயமுத்தூரு போ சாமி, நான் வேண்டாங்கல. ஆனா எடுத்ததைப் பாதியில உட்டுட்டுப் போயிறாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே கோயமுத்தூர் பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். எஞ்சின் பே வேலைக்கென்று தனியாக ஒரு ஆள் அவரும் தேடிக்கொண்டிருந்தார். "முடிச்சதும் சொல்லும்மா. நானே நேர்ல வந்து உன் கை எப்பிடியிருக்குதுன்னு பாக்கறேன். நல்லா இருந்துச்சுன்னா அடுத்த நாளே வந்து சேந்துக்க" என்றார். ஆக, அந்தக் குழியை முடித்தால் எனக்கு கேட் திறக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவான கணக்கை நான் எந்த வகுப்பிலும் போட்டதில்லை.

தார்ப்பாயை எடுத்து பானெட்டைத் தூக்கினால், உள்ளே எலிகள் பனியன் நூலை மெத்தை போட்டுக் குடும்பம் நடத்தியிருந்தன. வயர்களைக் கடித்துத் துப்பியிருந்தன. பேட்டரி இருந்த தட்டு ஆசிட் பட்டு அப்பளமாக நொறுங்கியது. பிரேக் ஆயில் ஒழுகிய இடத்திலெல்லாம் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். நானோ புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாட்டுப் பாட ஆரம்பித்தேன். மறுநாளிலிருந்து சுடிதார்.

நிட்டிங் மெஷின் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து எஞ்சினை மேலே எடுத்து, துணி ரோல் வைக்கிற டிராலியில் உட்கார வைத்தேன். இஞ்ச் அளவு ஸ்பேனர் செட்டை மாமா எங்கேயோ தேடிப்பிடித்து வாங்கிவந்தார். கேஸ்கெட், ரப்பர், துணி சுற்றிய வயர்க்கட்டு எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஒவ்வொரு பார்சலையும் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்து கொடுப்பார். ஒரு ரப்பர் வாஷர் கடலெல்லாம் தாண்டித் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு அதைப் பார்த்து நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

வீட்டில் எல்லாரும் அப்படித் தாங்கினார்கள். குடோனில் ஃபேன் மாட்டினார்கள். வேலைக்கு வந்த ஆண்கள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று, ரிஜெக்ட் ஆன துணியில் பெரிய திரை தைத்துத் தொங்கவிட்டார்கள். அது முழுக்க ஏதோ வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான யானைப் படம். நான் நாளெல்லாம் யானைகளுக்குப் பின்னால் நின்று நட்டுக் கழற்றினேன். அத்தை டீயைத் தானே எடுத்துக்கொண்டு வருவார். "கையெல்லாம் இப்பிடிக் கருப்பாயிருச்சே சாமி" என்று வருத்தப்படுவார். துடைக்கிறதுக்குக் கரடுமுரடான துணி ஆகாது என்று, குழந்தைச் சட்டைக்காக வந்து மிச்சமான துணியில் மிருதுவானதாகப் பார்த்துக் கத்தரித்து, மடித்து, அடுக்கி வைத்துவிட்டுப் போவார். கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும் அந்தத் துணி.

நிறத்துக்கு ஒரு கூத்து நடந்தது. ஹீட்டர் பெட்டியைக் கழற்றியபோது, அதன் அடியில் வெயிலே படாத இடத்தில் பழைய பெயிண்ட் அப்படியே இருந்தது. சாம்பல் கலந்த ஒரு நீலம். அந்தத் தகரத்துண்டை மாமா வாங்கி, கம்பெனியில் துணி நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்துவிட்டார். பிறகு கேட்க வேண்டுமா. பெயிண்ட் கடைக்காரர் கலக்கித் தந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, மாமாவும் என் வீட்டுக்காரரும், "ரெட் டோன் ஜாஸ்தி", "டியூப் லைட்டுல ஓகே, வெயில்ல அடிக்குது" என்று வெளிநாட்டு ஆர்டருக்குச் சண்டை போடுகிற மாதிரி போட்டார்கள். கடைக்காரர் நொந்துபோனார். ஆனால் அந்த நீலம் கடைசியில் அச்சு அசலாக வந்தது. அதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதற்கப்புறம்தான் எனக்குச் சனி பிடித்தது.

எஞ்சின் பேயைத் தகரம்வரை சுரண்டி, துரு எடுத்து, பிரைமர் அடித்து, தேய்த்து, துடைத்து, அந்த நீலத்தை ஸ்ப்ரே செய்தேன். அடித்த கையோடு பெயிண்ட் அங்கங்கே விலகி வட்டம் வட்டமாகக் குழி விழுந்தது. தோசைக்கல்லில் எண்ணெய் அதிகமாகிவிட்டால் மாவு ஒட்டாமல் விலகி ஓட்டை விழுமே, அதே மாதிரி. எல்லாவற்றையும் மறுபடி தேய்த்து எடுத்தேன். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் வருகிறதோ என்று ஃபில்டர் மாற்றினேன். துடைத்துவிட்டு அடித்தேன், குழி விழுந்தது. தின்னர் மோசமோ என்று வேறு கடையில் வாங்கினேன், குழி விழுந்தது. மழை ஈரமோ என்று வெயில் வரும்வரை காத்திருந்து அடித்தேன். அப்போதும் விழுந்தது.

தேய்க்கிறதும் துடைக்கிறதும் அடிக்கிறதுமாக மாதங்கள் போயின. கோயமுத்தூர்க்காரர் முதலில் சிரித்துக்கொண்டே "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஐப்பசி வாக்கில் போன் செய்து, "எனக்கும் வேலை குமிஞ்சு கெடக்குது. தை பொறக்கறதுக்குள்ள முடியலீன்னா வேற ஆளைப் போட்டாகோணும், தப்பா நெனச்சுக்காத" என்றார். நான் போனை வைத்துவிட்டு அந்தக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன். வெளியே தலை நீட்டினால் யானைகள்.

மாமாவுக்கு மட்டும் அவசரமே இல்லை. "இதென்ன கண்ணு, நம்மூட்டுது தான? மெதுவாப் பண்ணு" என்பார். அவர் வேண்டுமென்றே தாமதப்படுத்தவில்லை. அவருக்கு உண்மையிலேயே நான் அங்கே நிற்பது பிடித்திருந்தது. சாயங்காலம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நான் வேலை செய்வதைப் பார்ப்பார். வந்தவர் போனவரையெல்லாம் அழைத்துவந்து, "என்ற மருமக" என்று காட்டுவார். அதில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெருமையாக இருக்கிறதே என்று என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலை பார்த்தாள். வேஸ்ட் மூட்டை எடுக்க வரும்போது திரையை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். "என்னக்கா, இதுக்குள்ள போயி இம்புட்டு வயரு கெடக்கு!" என்று வாயைப் பிளந்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "நீங்க குடுத்து வச்சவங்கக்கா. நாங்க வேன்ல நசுங்கி வாரோம் போறோம். உங்களுக்கு எங்கயும் போகாண்டாம், எல்லாம் காலடிக்கே வருது." அவள் மனதாரத்தான் சொன்னாள். வேனில் அவளுக்குப் பக்கத்தில் நசுங்கிக்கொண்டு உட்கார எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லியிருந்தால், அக்காவுக்குக் கொழுப்பு என்று நினைத்திருப்பாள். நான் சிரித்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிவிட்டேன்.

விடை சாப்பாட்டு மேஜையில் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அன்று கடுகடுவென்று வந்து உட்கார்ந்தார். அந்தக் குழந்தைச் சட்டை ஆர்டரில் பிரிண்ட் உரிந்து வருகிறதாம்.

"சாயப்பட்டறைக்காரன் சாஃப்ட்னரை அள்ளிக் கொட்டிட்டான்பா. துணி பூ மாதிரி இருக்குது. ஆனா அதுல இருக்கற சிலிக்கான் ஜாஸ்தியானா மேல ஒன்னும் புடிக்காது. பிரிண்ட் அப்பிடியே வழுக்கீட்டு வருது."

என் கை இட்லியோடு அந்தரத்தில் நின்றது. பூ மாதிரித் துணி. மேலே ஒன்றும் பிடிக்காது. பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கடைசியாக, சுத்தமாக இருக்கட்டும் என்று, அத்தை அடுக்கிவைத்த அந்தத் துணியால்தான் அங்குலம் அங்குலமாகத் துடைத்திருக்கிறேன். வேறு ஊராக இருந்தால் யாராவது கிழிந்த பழைய துணியால் துடைத்திருப்பார்கள், பெயிண்ட் ஒழுங்காகப் பிடித்திருக்கும். ஊருக்கே பனியன் போடுகிற இடத்தில் இருந்துகொண்டு, மெத்தென்று இருக்கிற துணியாகப் பார்த்துத் துடைத்து, நானே சிலிக்கானைப் பூசிவிட்டு நானே பெயிண்டும் அடித்திருக்கிறேன்.

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து அத்தையிடம் போய், "அத்தெ, மாமாவோட பழைய வேட்டி எதுனா இருக்குதுங்களா? தொவச்சுத் தொவச்சு நைஞ்சு போனது" என்றேன். அத்தை நான் என்னவோ ஆகிவிட்டேன் என்றே பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அதைவிட அதிகமாக வருத்தப்பட்டார். "நான் மெத்துன்னு இருக்கட்டும்னுதான் சாமி குடுத்தேன்" என்று கண் கலங்கினார். எனக்குத் தெரியாதா.

எல்லாவற்றையும் மறுபடி தகரம்வரை எடுத்தேன். சிலிக்கானைப் போக்குகிற கரைசல் ஊற்றிக் கழுவி, அந்த வேட்டியைக் கிழித்துத் துடைத்து, மார்கழி வெயிலில் அடித்தேன். நீலம் ஒரு இடத்தில்கூட விலகாமல், பால் மேல் ஆடை படிகிற மாதிரி படிந்தது. நான் முகமூடியைக் கழற்றிவிட்டுக் கத்திய கத்தலில் கட்டிங் மேஜையில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். அப்புறம் வேலை பறந்தது. எஞ்சினை இறக்கினேன், வயர்க்கட்டைப் படிய வைத்தேன், கார்புரேட்டர் இரண்டும் ஒரே மூச்சாகக் காற்று இழுக்கிறவரை உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் திருகினேன். வண்டி கிளம்பியபோது மாமா தேங்காய் உடைத்தார்.

பொங்கலுக்கு முன்னாலேயே கோயமுத்தூர்க்காரர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. டார்ச் அடித்து பேட்டரித் தட்டுக்கு அடியில் பார்த்தார், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார், ஸ்குரூ தலைகளில் இருக்கிற கோடுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்பதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, வேறு யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எப்பம்மா வர்ற?" என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் அத்தனை மாதமும் குனிந்திருந்தேன். "திங்கக்கிழமையே வர்றனுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

"அதெல்லாம் இருக்கட்டுங்க, மொதல்ல சாப்புடலாம் வாங்க" என்று மாமா அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போனார். விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டில் ஆண்கள் உட்காருவார்கள், நாங்கள் பரிமாறுவோம், அதில் பேச்சே கிடையாது. கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு நானும் பரிமாறினேன். கறிக்குழம்பு ஊற்றும்போது அவர்கள் பழைய வண்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொரியல் வைக்கும்போது கோயமுத்தூரில் பட்டறை வாடகை ஏறிப்போனதைப் பற்றிப் பேசினார்கள். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, இறக்கி ஊற்றிக்கொண்டு வர உள்ளே போனேன்.

ரசத்தோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நம்ம திருப்பூர்ல எவனுங்க வேலையத் தேடிப் போறான்?" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "நூலு ஒருத்தன், நிட்டிங் ஒருத்தன், சாயம் ஒருத்தன், தைக்கறவன் ஒருத்தன். அவனவன் அவனவன் எடத்துலயே இருக்கறான், துணிதான் சுத்தி வருது. அதே மாதிரி நீங்க வண்டிய இங்க அனுப்பிச்சுருங்க. எஞ்சின் பேயி மட்டும் எங்க மருமக ஜாப் ஒர்க்கா பண்ணிக் குடுத்துரும். குடோனை இடிச்சு நல்ல செட்டாவே போட்டர்றனுங்க."

கோயமுத்தூர்க்காரர் யோசித்தார். அவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இடம் மிச்சம், வாடகை மிச்சம். "ஏம்மா, உனக்கும் அலைச்சல் இல்ல பாரு" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, எப்படி நம்ம ஐடியா என்பது போலச் சிரித்தார். அத்தை பின்னாலிருந்து என் தோளைத் தடவிக்கொடுத்தார். என் கையில் ரசம் இருந்தது. நான் யாருக்கு ஊற்றுவது என்று ஒரு நிமிஷம் எனக்குத் தெரியவில்லை, பிறகு விருந்தாளிக்கு முதலில் ஊற்றினேன்.

வேலம்பாளையத்துச் சந்துகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். காலையில் கட்டு வரும், மாலையில் கட்டுப் போகும், அவர்கள் அங்கேயே இருப்பார்கள். எனக்கும் கட்டு வரப்போகிறது, கொஞ்சம் பெரிய கட்டு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

கோயமுத்தூர்க்காரர் போன பிறகு மாமாவிடம் போய் நின்றேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, முடிச்சுட்டுப் போன்னு சொன்னீங்களே."

"ஆமா கண்ணு. முடிச்சுட்டயல்ல. வேலைதான கேட்ட? வேலையே உன்னத் தேடி வருது பாரு."

"வேலையும் கேட்டனுங்க. போகோணும்னும் கேட்டனுங்க."

அவர் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் என்ன கேட்கிறேன் என்று புரிந்துகொள்ள நிஜமாகவே முயன்றார்.

"போயி?" என்றார்.

"போயி... அங்க வேலை பாக்கறதுங்க."

"அதையேதான கண்ணு இங்க பண்ணப்போற."

 பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்வது, மதியம் யாரோடு சாப்பிடுவது என்று நானே முடிவு செய்வது, ஒரு வேலையில் சலிப்புத் தட்டினால் எதிரில் இருக்கிற டீக்கடைவரை நடப்பது, என்னை யாருக்கும் மருமகளாகத் தெரியாத ஒரு தெருவில் போவது என்று வரிசையாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் அற்பமாகத் தெரியும். அத்தனை அற்பமான விஷயங்களுக்காக இவ்வளவு நல்ல மனிதரை நோகடிக்கலாமா என்று அங்கே நின்றுகொண்டே நானே எனக்கு எதிராக வாதாடித் தோற்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

குடோனை இடித்துவிட்டு ஷெட் போட்டார்கள். வழவழவென்று எபாக்ஸி பூசிய தரை, ஏசி வைத்த பெயிண்ட் அறை, வரிசையாக ஸ்பேனர் மாட்டும் பலகை. கோயமுத்தூர் பட்டறையில்கூட அவ்வளவு வசதி கிடையாது. லாரியில் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வருகின்றன. பெங்களூரிலிருந்து, கொச்சியிலிருந்து, ஒருமுறை ஹைதராபாத்திலிருந்துகூட. சிவப்பு, பச்சை, க்ரீம். நான் பானெட்டைத் திறந்து வேலையை முடித்துக் கொடுக்கிறேன். பார்க்கிறவர்கள் பானெட்டை மூடவே மனசு வராது என்கிறார்கள். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்ததும் வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காகப் பாடும், சுமை ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். முதல் வண்டிக்கே, "நானே ஓட்டிப் பாக்கறனுங்க" என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை வண்டிகளை நான்தான் ஓட்டிப் பார்ப்பேன். "அடுத்தவங்க வண்டி கண்ணு, இந்த டிராபிக்குல ஏதாச்சும் ஒன்னு ஆயிட்டா? வெயில் வேற" என்றார் மாமா. சாவி என் வீட்டுக்காரர் கைக்குப் போனது. பக்கத்து சீட்டில் மாமா ஏறிக்கொண்டார். இரண்டு பேர் வண்டி, நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அவர்கள் பல்லடம் ரோட்டில் போய்விட்டு வருவார்கள். என் வீட்டுக்காரர் இறங்கி, "மேடு ஏறறப்ப கொஞ்சம் இழுவையா இருக்குது" என்பார். அல்லது, "காலை எடுத்தா டப்புன்னு ஒரு சத்தம்" என்பார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, வண்டி சொல்வது காதில் விழாது. நான்தான் எந்த கியரில், எவ்வளவு வேகத்தில், மேட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு, அவர் சொல்வதிலிருந்து அந்த ரோட்டைப் பிடித்து, கார்புரேட்டரைக் கால் திருகு திருப்புவேன். அவர்கள் மறுபடி போய்விட்டு வருவார்கள்.

போன வாரம் கோயமுத்தூர்க்காரர் போனில் கூப்பிட்டார். கடைசியாக அனுப்பிய சிவப்பு வண்டியை அவரே ஓட்டிப் பார்த்தாராம், நூல் பிடித்த மாதிரி போகிறதாம். "ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்காம எப்பிடிம்மா இந்த அளவுக்கு செட் பண்ற? என் சர்வீஸ்ல நான் பாத்ததே இல்ல" என்று ஆச்சரியப்பட்டார். மாமா அதை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.